படங்களை யாரிடம், எப்படிக் கொண்டுசெல்வது: மதுரைப் புகைப்படக் கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

சித்திரைத் திருவிழாவிலும் அலங்காநல்லூர் வாடிவாசலிலும் கேமராவோடு நிற்பவர்களுக்கு மதுரைப் பக்கத்தில் குறைவே இல்லை. அவர்களுள் நல்ல கண் வாய்த்தவர்களும் பலர். ஆனால், தாம் எடுத்தவற்றைக் கல்யாண ஆல்பத்தையும் சமூக ஊடகத்தையும் தாண்டிக் கலை உலகத்துக்குக் கொண்டுசெல்ல விரும்புகிறவருக்கு, யாரைப் பார்ப்பது, கையில் எதை எடுத்துப் போவது என்று சொல்லித்தர இங்கே ஆள் குறைவு. போட்டிகளுக்குத் தொடர்ந்து அனுப்பிவிட்டுப் பதில் வராமல் சோர்ந்துபோகும் இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

புகைப்படக் கலையின் போக்கைத் தீர்மானிப்பவர் படம் எடுப்பவர் மட்டுமல்லர். காட்சியை வடிவமைக்கும் க்யூரேட்டர், படங்களை விற்கும் கலைக்கூட உரிமையாளர், புகைப்பட நூல்களைப் பதிப்பிப்பவர், தாளில் அச்சிட்டுத் தரும் பிரிண்டர், பழைய படங்களைக் காத்துவரும் ஆவணக் காப்பாளர், நல்கைகளுக்குத் தேர்வுசெய்யும் நடுவர் ஆகிய அனைவருக்கும் அதில் பங்குண்டு. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் புகைப்படத் துறைக்கு 1962 முதல் 1991 வரை தலைமை வகித்த ஜான் ஸர்கோவ்ஸ்கி, 1976-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகில்ஸ்டனின் வண்ணப் படங்களைத் தனிக் காட்சியாக வைத்தார். வண்ணம் விளம்பரத்துக்கும் வீட்டு ஆல்பத்துக்கும் உரியது, கலைக்குக் கறுப்பு வெள்ளைதான் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. விமர்சகர்கள் அந்தக் காட்சியைக் கடுமையாகச் சாடினார்கள். இன்றோ வண்ணப் புகைப்படம் கலையாக ஏற்கப்பட்டதில் அது ஒரு திருப்புமுனை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே, ஒவ்வொரு துறையாளரும் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துகொண்டு அவரவருக்கு ஏற்பத் தயாராவதே முதல் வேலை.

நமக்கு எட்டும் தொலைவிலேயே பார்த்து அறிய வேண்டிய இடங்கள் உள்ளன. சென்னை போட்டோ பியன்னாலே என்னும் புகைப்பட விழா 2016-இல் தொடங்கியது. 2019-இல் நடந்த அதன் இரண்டாம் பதிப்பை, தாமே புகைப்படக் கலைஞரான புஷ்பமாலா என். வடிவமைத்தார். பெங்களூரில் அபிஷேக் போத்தார் நிறுவிய கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் 2023-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டெல்லியில் இப்ராஹிம் அல்காசி சேகரித்த பழம்படங்களைப் பேணும் அறக்கட்டளை இருக்கிறது. ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பும் முன், அவர் அமைத்த ஒரு காட்சியையாவது நேரில் சென்று பாருங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை வைத்தார், எதைப் பெரிதாக்கினார், எந்த இடத்தில் சுவரை வெறுமையாக விட்டார் என்பதைக் குறித்துக்கொண்டால் அவருடைய ரசனை பிடிபடும்.

இனி, எதைக் கொண்டுபோவது என்ற கேள்வி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப் 1858-இலேயே மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்துத் தொகுப்பாக வெளியிட்டுவிட்டார். கோபுரமும் மகாலின் தூண்களும் அன்று தொட்டு எண்ணற்ற முறை படமாகிவிட்டன. கோபுரத்தை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் படம் ஏற்கெனவே இருப்பவற்றோடு எதைச் சேர்க்கிறது என்று க்யூரேட்டர் கேட்பார், அதற்குப் படத்திலேயே விடை இருக்க வேண்டும். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தம் வீட்டையும் குடும்பத்தையும் எடுத்த படங்களும், மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் மீன் விற்ற தம் தாயின் வாழ்க்கையையும் துப்புரவுத் தொழிலாளர்களின் துயரத்தையும் பதிவுசெய்த படங்களும் ஊர் எல்லையைக் கடந்து போயிருக்கின்றன. 2022-இல் ஹாசல்பிளாட் என்னும் உலகப் புகைப்பட விருதைப் பெற்ற கலைஞர் தயாநிதா சிங் கிராமப்புற இந்தியாவுக்கான பாரி இணையக் காப்பகத்தோடு சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருது, முதன்முறை பழனி குமாருக்கே கிடைத்தது. ஜெய்சிங்கும் பழனி குமாரும் தாங்கள் உள்ளிருந்து அறிந்த வாழ்க்கையையே எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தனிப்படம் போட்டியில் வெல்லலாம். க்யூரேட்டருக்கும் பதிப்பாசிரியருக்கும் தேவைப்படுவது ஒரே பொருளை விடாமல் பின்தொடர்ந்த தொடர். அதைத் தொகுக்கும் வேலையைக் கணினித் திரையில் செய்யாதீர்கள். அறுபது, எழுபது படங்களைத் தபால் அட்டை அளவில் மலிவாக அச்சிட்டு, வீட்டுத் தரையில் பரப்பி, நின்றபடி பாருங்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களைப் பற்றிய தொடர் என்று வைத்துக்கொள்வோம். வரிசையாகக் காயப்போட்ட சேலைகள் காற்றில் எழும் படம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது துணியின் அழகைச் சொல்வதோடு நின்றுவிடும். முடிச்சுக்காகத் துணியைக் கிள்ளிப் பிடித்த இரு விரல்கள், இறுக்கி இறுக்கி நூல் பதிந்த தடம், மடியில் குவிந்துகிடக்கும் முடிச்சுகள், அருகில் பாதி குடித்த காப்பித் தம்ளர் ஆகியவை உள்ள படம் அந்த உழைப்பின் நேரத்தைச் சொல்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் இரண்டாவதை வையுங்கள். ஒரே செய்தியைச் சொல்லும் இரு படங்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள். இப்படிக் கழித்துக் கழித்து ஏறத்தாழ இருபதுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தரையில் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். எடுப்பதற்குப் பட்ட சிரமம் உங்களுக்குத்தான் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது என்பதால், படமெடுக்கும் பழக்கமே இல்லாத ஒருவரை அழைத்துக் காட்டி அவர் எங்கே நிற்கிறார், எங்கே நகர்கிறார் என்று கவனிப்பது மிகவும் பயன் தரும்.

அச்சு விஷயத்தில் நம்மூர் லேப்களோடு பழகியவர்கள் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கல்யாண ஆல்பத்துக்குப் பழகிய லேப்பில், சொல்லாவிட்டாலும் ‘கரெக்‌ஷன்’ போட்டு முகத்தை வெளுக்கவைத்துத் தருவது வழக்கமாகிவிட்டது. வெயிலில் உழைத்த கறுத்த முகத்தைச் சாம்பல் பூத்தாற்போல ஆக்கிவிடும் இந்தப் பழக்கம், தொடரின் உயிரையே எடுத்துவிடுகிறது. அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். முழு அளவில் போடும் முன், நிழல் மிகுந்த ஒரு பகுதியை மட்டும் சிறு துண்டாக அச்சிட்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: காளையின் கறுத்த திமிலில் மயிரும் புழுதியும் தனித்தனியே தெரிகின்றனவா, அல்லது ஒரே கறுப்பாக அடைத்துவிட்டதா? அடைத்திருந்தால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து மீண்டும் திருத்துங்கள். பெரும்பாலும் திரை அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருப்பதே காரணம். கண்காட்சிப் பிரதிக்குப் பருத்திக்கூழால் செய்த அமிலமற்ற தாளும், எளிதில் மங்காத பிக்மென்ட் மையும் வேண்டும். இதற்கென்றே தொழில் நடத்தும் பிரிண்டர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். செலவானாலும் ஒருமுறை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு படங்களையாவது அச்சிடுவது நல்லது. நல்ல பிரிண்டர் உங்கள் படத்தில் நீங்களே காணாததைக் காட்டுவார்.

படங்களோடு ஒரு குறிப்பும் எழுத வேண்டும். முதலில் தமிழிலேயே எழுதுங்கள். எதை, எங்கே, எவ்வளவு காலமாக எடுத்தீர்கள், அதற்கும் உங்களுக்கும் என்ன உறவு என்பவை இருநூறு சொற்களுக்குள் அடங்கட்டும். ஆங்கிலம் வேண்டியிருந்தால் அதன் பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். தத்துவச் சொற்களை இரவல் வாங்கி நிரப்பிய குறிப்பைத் துறையாளர்கள் தினமும் படிக்கிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து அந்தச் சாயப்பட்டறை உங்கள் தெருவில்தான் இருக்கிறது என்ற ஒரு வரி அவர்களை நிறுத்திப் படிக்கவைக்கும்.

படங்களைத் துறையாளர்களிடம் நேரில் காட்டிக் கருத்துக் கேட்க வாய்ப்புத் தருவது போர்ட்ஃபோலியோ ரிவ்யூ என்னும் ஏற்பாடு. பிரான்ஸின் ஆர்ல் விழாவும் அமெரிக்காவின் ஹியூஸ்டனில் நடக்கும் போட்டோஃபெஸ்ட்டும் இதற்குப் பெயர் பெற்றவை. இந்திய விழாக்களிலும் நடப்பதுண்டு. ஒருவரிடம் கிடைப்பது சுமார் இருபது நிமிடம்தான். அதில் பாதியை நீங்களே பேசித் தீர்த்துவிடாமல், படங்களை வரிசையாக எடுத்துவைத்து அவரைப் பார்க்கவிடுங்கள். கலைக்கூட உரிமையாளரிடம் பதிப்பாளரைப் பற்றிக் கேட்பதும், பதிப்பாசிரியரிடம் விலை பேசுவதும் நேரத்தை வீணாக்கும். படங்களைப் பார்ப்பவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நன்றி தெரிவித்து ஒரு மின்னஞ்சல், தொடர் வளர்ந்தபின் இன்னொன்று, அவ்வளவு போதும்.

விற்பனைக்கு வரும்போது எடிஷன், அதாவது ஒரு படத்தை மொத்தம் எத்தனை பிரதி போடுவது என்ற வரம்பு, பற்றிய தெளிவு வேண்டும். ஒரு படத்தை ஐந்து பிரதிதான் போடுவேன் என்று அறிவித்தால், ஆறாவதை எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது. கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் ஓரிரு பிரதிகளையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிரதி எண், அளவு, அச்சிட்ட நாள், வாங்கியவர் ஆகிய விவரங்களை ஒரு பேரேட்டில் எழுதி வாருங்கள். கலைக்கூடங்கள் பெரும்பாலும் விலையில் பாதியை எடுத்துக்கொள்ளும் என்பதால், விலை வைக்கும்போதே அதையும், அச்சு, சட்டகச் செலவு யாருடையது என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும்.

உரிமை பற்றி நம் ஸ்டுடியோக்காரர்கள் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கவைத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரையே சேரும். கல்யாண வீட்டில் எடுத்த அருமையான படத்தைக் கண்காட்சியில் வைக்கும் முன் வீட்டாரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். நீங்களாக எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது; அதைப் பிறருக்கு மாற்றித் தருவது எழுத்து மூலமாக, நீங்கள் கையெழுத்திட்டுத்தான் நடக்க முடியும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே கையெழுத்திடும் முன் காலம், இடம், பயன் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். காட்சி முடிந்ததும் பிரதிகள் எந்தத் தேதிக்குள், யார் செலவில் மதுரைக்குத் திரும்ப வரும், வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள்.