ஞானப்பல் எடுக்கும் முன் படத்தில் நரம்பைப் பார்ப்பது எப்படி

கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேருக்கு அடியில், எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள்தான் இருக்கிறது. ஓ.பி.ஜி. படத்தில் (தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே) இது இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும், வாய்க்காலின் இரு கரை மாதிரி. அந்தக் கரைகளைப் பின்னாலிருந்து முன்னால்வரை கண்ணால் தொடர்ந்து வருவதுதான் முதல் வேலை.

வாய்க்குள் சென்சார் வைத்துக் கிளினிக்கில் எடுக்கும் சின்ன ஆர்.வி.ஜி. படம் பல சமயம் வேர் நுனியோடு நின்றுவிடும், கால்வாய் விட்டுப்போகும். பாக்கு மென்று வாய் திறக்க முடியாமல் போனவருக்குச் சென்சாரை உள்ளே வைப்பதே கஷ்டம். அதனால் ஓ.பி.ஜி.யில் தொடங்குங்கள். தோடு, மூக்குத்தி, கழுத்தை ஒட்டிய சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். மார்புவரை தொங்கும் தாலிக் கயிறு பெரும்பாலும் படத்தில் விழாது. அதைக் கழற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

ரூட், ஷெகாப் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வேர் நரம்பை நெருங்கியிருப்பதைக் காட்டும் 7 அறிகுறிகளைப் படத்தில் பார்த்தார்கள். அவற்றில் 3 முக்கியம். வேரைக் கால்வாய் கடக்கும் இடத்தில் வேர் கருத்துத் தெரிவது ஒன்று. கரையின் வெள்ளைக் கோடு அறுந்து நிற்பது இன்னொன்று. வேர் அருகே வந்ததும் கால்வாய் வளைந்து போவது மூன்றாவது. ஒன்று இருந்தாலும் நின்று யோசியுங்கள்; இரண்டு மூன்று சேர்ந்தால் ஆபத்து கூடும். ஆனால் வேரும் கால்வாயும் படத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுவதாலேயே தொடுகிறது என்று அர்த்தமில்லை. ஓ.பி.ஜி. தட்டையான படம், நரம்பு கன்னப் பக்கமா நாக்குப் பக்கமா என்பதை அது சொல்லாது.

அதற்குத்தான் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன். ஆனால் அதை எல்லாருக்கும் எழுதாதீர்கள். அதை எடுத்துவிட்டதாலேயே நரம்புக் காயம் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, கதிர்வீச்சும் ஓ.பி.ஜி.யைவிட அதிகம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் போய்வர ஒருவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். படம் உங்கள் முடிவை மாற்றுமென்றால் மட்டும் அனுப்புங்கள். சீட்டில் பல்லின் எண், எந்தப் பக்கம், ‘அந்தப் பகுதி மட்டும், சுமார் 5 செ.மீ. அளவு’, ‘நரம்பின் இடம் பார்க்க’ என்று எழுதுங்கள். பிரிண்ட் மட்டும் போதாது. ஸ்கேனைக் கணினியில் துண்டு துண்டாகப் பார்க்க உதவும் டைகாம் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

கால்வாய்க்குக் குறுக்காக 1 மி.மீ. இடைவெளியில் துண்டு துண்டாகப் பாருங்கள். வேருக்கும் நரம்புக்கும் நடுவே எலும்புக்கரை இருக்கிறதா? கரை இல்லாமல் ஒட்டியிருந்து, கால்வாய் நாக்குப் பக்கமோ இரண்டு வேர்களுக்கு நடுவிலோ நசுங்கிக் கிடந்தால் அதுதான் மோசமான நிலை. அப்போது எலிவேட்டரை (பல்லை நெம்பும் கருவி) கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. வேர்களைத் தனித்தனியாக வெட்டிப் பிரித்து எடுக்க வேண்டும். நாக்குப் பக்க எலும்பில் ஓட்டை தெரிந்தால் வேர் நுனி அந்தப் பக்கம் நழுவிவிடும், கவனம்.

கரோனெக்டமியும் ஒரு வழி: தலைப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வேரை எலும்பு விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. கீழே விட்டுவிடுவது. பல்லில் சீழோ வேர்வரை சொத்தையோ இருந்தாலும், நரம்பின்மேல் பல் படுத்துக் கிடந்தாலும் இது ஆகாது. வெட்டும்போதே வேர் ஆடிவிட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

நாக்கு நரம்பு இந்த இரண்டு படத்திலும் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று நாக்கைப் பற்றி உறுதி கொடுக்காதீர்கள்.

படத்தைத் திரையில் காட்டியே பேசுங்கள்: “அம்மா, இந்தப் பல்லோட வேரும் உதட்டுக்குப் போற நரம்பும் ஒட்டிக் கிடக்கு. எடுத்தப்புறம் கீழுதடு கொஞ்ச நாள் மரத்துப்போகலாம். அபூர்வமா அது திரும்பாமலும் போகலாம். வாய் கோணாது, இது உணர்ச்சி நரம்பு மட்டும்தான்.” பலரும் பயப்படுவது வாய் கோணுவதற்குத்தான்.

மறுநாள் போன் செய்து கேளுங்கள். மரத்துப்போனது தெளியவில்லை என்றால் வரச்சொல்லி, பஞ்சால் தடவி, மரத்த எல்லையைத் தோலில் பேனாவால் வரைந்து போட்டோ எடுத்து வையுங்கள். புதுப் படத்தில் கால்வாய்க்குள் வேர்த்துண்டோ எலும்புச்சில்லோ தெரிந்தால், காத்திருக்காமல் அன்றே தாடை அறுவை நிபுணரிடம் அனுப்புங்கள்.