கொப்பித் தாளில் எழுதிய வீடு: மட்டக்களப்பு, அம்பாறைக்கு வருவோர் மரணசாதனம் எழுதுமுன்

ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தத்துக்கு என்று டிக்கெட் போட்டு வருகிறோம். மூன்று கிழமை லீவு. கோயில், கலியாண வீடு, சாவீட்டுக்குத் துக்கம் விசாரிப்பு என்று இரண்டு கிழமை ஓடிவிடும். திரும்பிப் போக நாலு நாள் இருக்கும்போது யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார்: "அம்மா நல்லா இருக்கக்குள்ளயே எல்லாத்தையும் எழுதிப்போடுவம்." உடனே ஒரு தாள் வரும், பேனை வரும், பக்கத்து வீட்டார் இருவர் சாட்சிக்கு வருவார்கள்.

இறந்தபின் சொத்து யாருக்கு என்று சொல்லும் மரணசாதனத்தை, அதாவது உயிலை, அந்த இரவில் எழுத வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் முன்னமே இறந்துவிட்டார். கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்தவள் சின்னம்மாவின் மகள். அவளுக்கே வீடு என்று பெரியம்மா கொப்பித் தாள் ஒன்றில் நீல மையால் எழுதினார். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. ஒரு சாட்சி அன்று பின்னேரம் கையெழுத்து வைத்தார், மற்றவர் அடுத்த நாள் காலை வந்து வைத்தார். தாளை நாலாக மடித்து அலுமாரியில் கூறைச் சேலைக்குள் வைத்தார். "புள்ளைக்கு எழுதிட்டன் மனே, இனி எனக்கு நிம்மதி" என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னார். அந்தத் தாள் சட்டப்படி செல்லுபடியாகவில்லை. இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன்படி நொத்தாரிசும் (இத்தகைய பத்திரங்களை அத்தாட்சிப்படுத்த அனுமதி பெற்றவர்) குறைந்தது 2 சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க, மரணசாதனத்தின் அடியில் கையெழுத்திட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் குறைந்தது 5 சாட்சிகள் வேண்டும், அவர்களும் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். பெரியம்மாவிடம் நொத்தாரிசும் இல்லை, ஐந்து பேரும் இல்லை, இருந்த இருவரும் ஒன்றாக நிற்கவுமில்லை. வீடு சகோதரங்களுக்கும் இறந்துபோன சகோதரத்தின் பிள்ளைகளுக்கும் பங்காகிப் போனது. ஒருவர் பிரான்சில், இருவர் கனடாவில். பெரியம்மாவைக் குளிப்பாட்டி உடுத்திப் பார்த்த பிள்ளை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். வீடு அவள் பெயரில் இல்லை.

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் இரண்டு சாட்சி போதும் என்று நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தில் இரண்டு சாட்சி போதும். சுவிஸிலும் ஜெர்மனியிலும் முழுவதையும் தன் கையாலேயே எழுதித் திகதியிட்டுக் கையெழுத்து வைத்தால் சாட்சியே இல்லாமலும் செல்லும். அந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு களுவாஞ்சிகுடியில் கிடக்கும் காணிக்கு எழுதும்போதுதான் தவறு நடக்கிறது. காணி எந்த நாட்டில் கிடக்கிறதோ அந்த நாட்டு முறைப்படி எழுதுவதே பாதுகாப்பு. அங்குள்ள சொத்துக்கு அங்கே ஒன்று, இங்குள்ள காணிக்கு இங்கே ஒன்று என்று இரண்டு எழுதலாம். ஆனால் "இதற்கு முன் எழுதிய எல்லா மரணசாதனங்களையும் ரத்துச் செய்கிறேன்" என்ற வரி இணையத்தில் கிடைக்கும் படிவங்களில் எல்லாம் இருக்கும். அதை அப்படியே நிரப்பிக் கையெழுத்து வைத்தால், மட்டக்களப்பில் ஒழுங்காக எழுதியதையும் நீங்களே அழித்துவிடுவீர்கள். இரு பக்கத்துச் சட்டத்தரணிகளுக்கும் மற்றது இருப்பதைச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் யாழ்ப்பாண நண்பர்களின் ஆலோசனையால் வருவது. அவர்களுக்குத் தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டம். நமக்கு அது இல்லை. கிழக்கில் முன்பு தாய்வழியில் சொத்துப் போகும் முக்குவர் சட்டம் இருந்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, மரணசாதனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ போகும், மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931 ஆம் ஆண்டின் தனிச் சட்டம்.

ஆனால் நம் வீடுகளில் வழக்கம் மாறவில்லை. வீடு பெண் பிள்ளைக்கு. மருமகன் அந்த வீட்டுக்கு வருவார், தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாய் ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஊருக்கே தெரியும் அது மகளின் வீடு என்று. வீட்டின் சொத்துப் பத்திரமான உறுதியை எடுத்துப் பார்த்தால் இன்னும் அம்மாவின் பெயர். அம்மா கண்ணை மூடியதும் சட்டப்படி அப்பாவுக்குப் பாதி, மீதியில் கனடா ஸ்காபரோவில் இருக்கும் அண்ணனுக்கும் பங்கு. அண்ணன் நல்லவராக இருக்கலாம். அண்ணனுக்குப் பின் அவருடைய பிள்ளைகளுக்கு இந்த வீடு என்னவென்றே தெரியாது. ஆகவே சீதனமாகக் கொடுத்தாயிற்று என்றால் அம்மா இருக்கும்போதே நன்கொடை உறுதி முடித்துவிடுங்கள். அம்மாவின் சீவிய உரித்தை அதில் கட்டாயம் வையுங்கள். தன் கடைசி நாள் வரை அந்த வளவில் இருக்கும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் அவசரத்தில் அதை மறந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனது பொறுக்காது.

யாருக்கு என்று பேசுமுன் எந்தக் காணி என்று பாருங்கள். சொந்த உறுதி உள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியா? கல்லோயாத் திட்டத்து வயல்களிலும் குடியேற்றக் கிராமங்களிலும் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிட் அல்லது அளிப்புக் காணிகள். இவற்றை மரணசாதனத்தால் யாருக்கும் கொடுக்க முடியாது. எவ்வளவு பெரிய சட்டத்தரணி எழுதினாலும் அந்த வரி செல்லாது. பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம் போய், அப்பாவின் பேர்மிட்டில் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவராக, யாரைப் பதிந்திருக்கிறது என்று கேளுங்கள். பல குடும்பங்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது எப்போதோ இறந்துபோன ஒருவரின் பெயர் இருக்கும். பெயர் இல்லாவிட்டால் சட்டத்தின் பட்டியல் வரிசைப்படி போகும். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரை அந்தப் பட்டியலில் ஆண் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். பெண்ணுக்கு வீடு கொடுக்கிற நம் மண்ணில் எத்தனை மகள்மார் வயலை இழந்தார்கள் என்பது அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பின்னுரித்தாளர், காணிக்காரர் இறந்து 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுத்து ஆட்சிக்கு வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனின் பெயரைப் பாசத்தில் போட்டுவிட்டு, அவன் லீவு எடுக்க முடியாமல் அந்த ஆறு மாதம் கழிந்தால் உரித்தும் போகும். ஊரில் நின்று வயல் செய்பவரின் பெயரைப் போடுவதே சரி என்பது என் எண்ணம்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை அது தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடையில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு உரிமைவழியில் வருவதற்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை நொத்தாரிசிடம் கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள், மறைக்க வேண்டாம்.

அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுத்திருக்கிறேன், தம்பி எல்லாம் பார்ப்பான் என்று இருப்பவர்களுக்கு ஒன்று: கொடுத்தவர் இறந்த கணத்தோடு அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதைக் காட்டித் தம்பி எழுதும் உறுதி வழக்கில்தான் போய் நிற்கும். மரணசாதனம் எழுதியபின் கலியாணம் செய்தால் பழைய மரணசாதனம் ரத்தாகும் என்பதும் மறுமணம் செய்தவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே வந்த முதல் கிழமையிலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் அலுவலகம் இல்லை என்பதை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். உறுதியின் பிரதியோடு காணிப் பதிவகத்தில் பதிவைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியதற்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். சொத்துப் பெறப்போகிறவரையும் அவருடைய துணையையும் சாட்சிக்கு நிறுத்த வேண்டாம். இங்கிலாந்தில் அப்படி நின்றால் அவர்களுக்கு எழுதிய பங்கே செல்லாது, இங்கும் வழக்குக்கு வழி திறக்க வேண்டியதில்லை.

எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இதை முறையாகச் செய்தோம். நொத்தாரிசு முதலில் என்னையும் தங்கச்சியையும் வெளியே இருக்கச் சொன்னார். வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திரைச்சீலைக்கு அப்பால் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: முதலில் அடையாள அட்டை இலக்கம், பிறகு வளவின் நாலு எல்லை, வடக்கே யார், கிழக்கே எந்த ஒழுங்கை என்று ஒன்றும் தடுமாறாமல். சாட்சிகள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்து அம்மா வெளியே வந்தபோது பெருவிரலில் மை இருந்தது. மூலப் பிரதி எங்கே வைக்கப்படும் என்பதை அன்றே தங்கச்சியிடம் சொல்லி, நொத்தாரிசின் பெயரையும் திகதியையும் எங்கள் இருவரின் தொலைபேசியிலும் எழுதிக்கொண்டோம்.