பழைய காகிதக் கட்டை அவிழ்க்கும் முன்

சங்கத்துக்குப் பொன்விழாவோ வைர விழாவோ வருகிறது என்றால், முதலில் திறக்கப்படுவது மாடி அறையில் கிடக்கும் தகரப் பெட்டிதான். விழா மலர் போட வேண்டும், பழைய படங்கள் வேண்டும், முதல் செயற்குழுவின் கையெழுத்து வேண்டும். ஐம்பது அறுபது வருடம் யாரும் தொடாமல் பிழைத்துக் கிடந்த காகிதங்கள், அந்த ஒரு வாரத்தில் நாசமாவதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். செய்கிறவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு செய்கிறவர்கள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

பெரிய தவறிலிருந்தே தொடங்குகிறேன். கட்டை அவிழ்த்து, உள்ளே இருப்பதை 'ஒழுங்காக' அடுக்குவது.

ஒரு சிற்றூர் வாசகசாலைச் சங்கத்தின் காகிதங்களைப் பார்க்கப் போயிருந்தேன். நான் போவதற்கு ஒரு மாதம் முன்பே உற்சாகமான இரண்டு தம்பிகள் எல்லாக் கட்டுகளையும் பிரித்து, கடிதங்களை எழுதியவர் பெயர் வாரியாகவும் ரசீதுகளைத் தனியாகவும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரிக்காமல் ஒரே ஒரு கட்டு தப்பியிருந்தது. அதில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகை ரசீது, அதன் கீழே நன்கொடை தர இயலாது என்று வருந்தி எழுதிய தேதியில்லாத ஓர் அஞ்சலட்டை, அதற்கும் கீழே ஆண்டுவிழா வரவு செலவுக் கணக்கின் பென்சில் நகல். அந்த அட்டை எந்த வருடத்தது, எதற்காகக் கேட்ட நன்கொடை என்பதை மேலும் கீழும் இருந்த காகிதங்களே சொல்லிவிட்டன. மற்ற உறைகளில் இருந்த தேதியில்லாத கடிதங்களுக்கு இனி அந்தத் துணை கிடையாது. அவை எந்தக் கட்டில் இருந்தன என்று அந்தத் தம்பிகளுக்கும் நினைவில்லை.

ஆவணக் காப்பாளர்கள் இதை வெகுகாலமாக விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஓர் அலுவலகத்திலிருந்து வந்த தாள்களை வேறு இடத்துத் தாள்களோடு கலக்கக் கூடாது என்று பிரான்சில் 1841-லேயே சுற்றறிக்கை போட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த வரிசையையும் குலைக்கக் கூடாது என்பது பிறகு அதோடு சேர்ந்துகொண்டது. நமக்கு இதில் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். அவிழ்க்கும் முன் கட்டை எல்லாப் பக்கமும் கைபேசியில் படம் எடுங்கள். கட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். ஒவ்வொரு தாளின் பின்புறம் ஓரத்தில், கட்டு எண்ணையும் தாளின் எண்ணையும் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டவே வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பெயர் வாரியாகத் தேட வேண்டுமா? அதற்கு ஒரு நோட்டில் அட்டவணை போட்டால் போதும், தாள்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது செல்லோடேப். கிழிந்த தாளைப் பார்த்ததும் நம் கை தானாக அதைத்தான் தேடுகிறது. ஒட்டிய அன்று சரியாக இருக்கும். சில வருடங்களில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் பட்டை காய்ந்து உதிர்ந்துவிடும், கறை மட்டும் எழுத்தின் மேலேயே நிற்கும். இழுத்துப் பிரிக்கப் போனால் எழுத்தும் கூடவே வந்துவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். காப்பகங்களில் மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் வைத்து ஒட்டுவார்கள். அந்தப் பசையை ஈரம் காட்டித் திரும்ப எடுத்துவிடலாம். பழகாத கைக்கு அதுவும் வேண்டாம். கிழிந்த இரண்டு துண்டுகளையும் ஒரு வெள்ளைத் தாளை மடித்து அதற்குள் சேர்த்து வைத்தாலே போதும்.

லேமினேஷன் இதைவிட மோசம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. சங்கப் பதிவுச் சான்றிதழைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது. சுவரில் மாட்ட ஒரு வண்ண நகல் எடுத்துக்கொள்ளலாமே.

குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு மூன்றையும் எடுத்துவிடலாம், ஆனால் அவசரப்படாமல். துருப்பிடித்த ஊசியை இழுத்தால் தாள் கிழியும். பின்புறமிருந்து கால்களை நிமிர்த்தி எடுக்க வேண்டும். எடுத்தபின் சேர்ந்திருந்த தாள்கள் பிரியாமல் ஒரு தாளை மடித்து உறை போட்டுவிடுங்கள். கட்டுவதற்கு அகலமான பருத்தி நாடா நல்லது. மெல்லிய சணல் கயிறு ஓரங்களை அறுத்துவிடும்.

தூசி தட்ட ஈரத்துணி கூடாது, மென்மையான காய்ந்த தூரிகை போதும். நனைந்த தாளை மொட்டைமாடி வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், பழைய துணியின் மேல் பரப்பி உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும் என்பதால் அன்றைக்கே தொடங்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைப்பதையும் விட்டுவிடுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனை வீடுகளில் பத்திரங்களும் படங்களும் கூழாகிப் போயின என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, எதைத் தூக்கிப் போடலாம்? எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது என்பது உண்மைதான். அரசு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று குறித்துவிடுவார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். சங்கங்களும் இப்படிக் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளலாம். நடவடிக்கைக் குறிப்பேடு, உறுப்பினர் பதிவேடு, சொத்துப் பத்திரம், தணிக்கையான கணக்கு எல்லாம் நிரந்தரம். டீக்கடை ரசீது கணக்குத் தணிக்கை முடிந்து சில ஆண்டுகளில் போகலாம். ஆனால் ஐம்பது வருடம் தாண்டியது எதுவாக இருந்தாலும், அது டீக்கடை ரசீதாகவே இருந்தாலும், தனி ஒருவர் முடிவெடுத்துக் குப்பையில் போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்து வைத்தார். ஊரார் கண்ணுக்கு அது வெறும் காகிதம். அவர் 1992-இல் காலமானபின் அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது.

ஸ்கேன் செய்துவிட்டோமே, இனி அசல் எதற்கு என்று கேட்கிறார்கள். ஸ்கேன் செய்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கிச் சேமித்தவர்களை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; பெரிதாக்கிப் பார்த்தால் கையெழுத்து புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். கோப்பின் பெயர் 'ஸ்கேன்0047' என்றே இருந்தால் அடுத்த வருடம் நீங்களே தேட முடியாது. கட்டு எண், தாள் எண், தேதி மூன்றையும் பெயரில் வையுங்கள். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினியே கால வரிசையில் அடுக்கிக் கொடுக்கும். அப்புறம், அசலும் ஹார்டு டிஸ்கும் ஒரே பீரோவில் இருந்தால் நகல் எடுத்ததே வீண். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போன ஏறக்குறைய 97,000 நூல்களில், ஓலைச்சுவடிகளில், வேறெங்கும் பிரதி இல்லாதவை எத்தனையோ. இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும்.

கடைசியாக, ஆவணங்கள் தொலைகிற இடம் பெரும்பாலும் முன்னாள் செயலாளரின் வீடு. யார் மேலும் குற்றமில்லை. அவர் பத்திரமாக இருக்கட்டுமென்று எடுத்துப் போயிருப்பார். உடம்புக்கு முடியாமல் போகும், பிள்ளைகள் வீட்டை மாற்றுவார்கள், பெட்டி எடைக்குப் போய்விடும். பொறுப்பு மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து, பட்டியலில் உள்ள கட்டுகளை எண்ணிப் பார்த்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுங்கள். பட்டியலின் ஒரு நகலை நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒட்டிவிட்டு, இன்னொன்றைப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடுங்கள்.