முழு மறைப்பில் யூ செஃபெய்: வாயுவின் புறஊதா வரிகளை அளப்பது எப்படி

அலைநீளம் 3000 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழான புறஊதா ஒளியை ஓசோன் தரைக்கு விடாது. ஒகேனக்கல் இருட்டுக்குப் போனாலும், பக்கத்துக் காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கியே கிடைத்தாலும் பயனில்லை. தருமபுரியில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்பவருக்கு வழி, 1978 முதல் 1996 வரை இயங்கிய ஐயூஇ என்ற புறஊதாச் செயற்கைக்கோளின் பதிவுகள்தான். மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இலவசம். லோ டிஸ்பெர்ஷன் (அலைநீளங்களைக் குறைவாகப் பிரித்துக் காட்டும்) கோப்புகளுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதும்.

யூ செஃபெய் என்ற இரட்டை விண்மீனில் தொடங்குங்கள். 2.493 நாளுக்கு ஒருமுறை சூடான பி வகை விண்மீனை அதன் பெருத்த துணை முழுசாக மறைக்கும். துணையிலிருந்து வழிந்து விழும் வாயுவின் மினுக்கம் மற்ற நேரம் பி விண்மீனின் வெளிச்சத்தில் அமுங்கிக் கிடக்கும். (நம்மூர் வானில் இது வடக்கே 20 டிகிரியோடு நின்றுவிடும், வெறுங்கண்ணுக்கும் எட்டாது.)

பாதி வேலை கட்டக் கணக்கு, அதாவது சுற்றில் எந்த இடத்தில் பதிவானது என்பது. பதிவின் நடுநேர ஜூலியன் நாளிலிருந்து (வானியலில் தொடர்ச்சியாக எண்ணும் நாள் கணக்கு) ஏற்கெனவே தெரிந்த ஒரு மறைப்பின் நடுநேரத்தைக் கழித்து, சுற்றுக்காலத்தால் (2.493 நாள், மீதித் தசமங்களையும் சேர்த்து) வகுத்தால் வரும் பின்னம்தான் கட்டம். 0.98-க்கு மேலோ 0.02-க்குக் கீழோ இருந்தால் பி விண்மீன் முழுசாக மறைந்திருக்கும், அந்தப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பகுதியில் இருக்கும் தொடக்க நேரத்தை அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்: ஒரு மணி நேரப் பதிவு 0.017 கட்டத்தைத் தின்றுவிடும். 0.015-இல் தொடங்கியது 0.032-இல் முடியும்போது பி விண்மீன் எட்டிப் பார்த்திருக்கும். வாயு இடம் மாறுவதால் சுற்றுக்காலமும் மாறுகிறது. இன்றைய மறைப்பு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணாமல் 1980-களின் நேரத்தையே எடுங்கள்.

கோப்பில் அலைநீளப் பட்டியல் இருக்காது. குறுஅலைக் கேமராவுக்கு 1050-இல் தொடங்கி 1.6764 ஆங்ஸ்ட்ராம் வீதம் 640 புள்ளிகளை நீங்களே போட வேண்டும். குவாலிட்டி எண் மைனஸானால் அந்தப் புள்ளியைத் தூக்கிவிடுங்கள். கேமராவுக்கு ஒளி நுழையும் துளை இரண்டில், பெரிய துளைப் பதிவையே எடுங்கள். சிறிய துளையில் ஒளி சிந்திவிடும்.

அளக்க வேண்டிய வரிகள் (வாயு குறிப்பிட்ட அலைநீளத்தில் விடும் ஒளி): 1240-இல் நைட்ரஜன், 1400 அருகே சிலிக்கன், 1549-இல் கார்பன். 1216-ஐத் தொடாதீர்கள், அதில் பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனின் ஒளியும் கலந்திருக்கும். வரியின் இருபுறமும் நேர்கோடு பொருத்திக் கழித்து, மீதிப் பரப்பைக் கூட்டுங்கள். வரியின் அகலம் 9 ஆங்ஸ்ட்ராம் வந்தால் கருவியே சேர்க்கும் 6-ஐ வர்க்கத்தில் கழிக்க 6.7 மிஞ்சும். அதிலிருந்து உடனே வாயுவின் வேகத்தைக் கணக்கிடாதீர்கள்: கார்பன் வரி 1548.2, 1550.8 என்ற இரண்டு ஒட்டிக்கொண்டது.

நைட்ரஜன் வரி தெரிந்தால் அங்கே நான்கு எலக்ட்ரான் இழந்த அணுக்கள் இருக்கின்றன. அந்த நான்காவது எலக்ட்ரானைப் பிடுங்க மட்டும் 77 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். பி விண்மீனின் ஒளிக்கு அந்தத் தெம்பு கிடையாது. விழும் வாயு மோதிச் சூடாவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மறைப்புக்கு மறைப்பு வரியின் பலம் மாறும், ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பதிவான தேதியைப் போடுங்கள்.