வேறு காரின் டிஸ்க், என் காரின் ஹப்

வேறு காரின் பிரேக் டிஸ்க்கைப் போட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது போல்ட் துளைகளைத்தான். அது பொருந்தினால் கால்வாசி வேலைதான் முடிந்தது.

என் காரின் 256 மி.மீ. டிஸ்க்குக்குப் பதில் இன்னொரு மாடலின் 280 மி.மீ. டிஸ்க்கையும், அதற்கான காலிப்பர் பிராக்கெட்டையும் (டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைத் தாங்கும் சட்டம்) எடுத்தேன். துளைகள் கச்சிதம். ஆனால் டிஸ்க்கின் நடுத்துளை ஹப்பைவிட, அதாவது டிஸ்க்கும் சக்கரமும் உட்கார்ந்து சுழலும் மையப் பாகத்தைவிட, சற்றுப் பெரிது. கையால் தள்ளினாலே டிஸ்க் நகர்ந்தது. அளவெடுத்துக் கடைந்த வளையம் ஒன்றைச் செருகியதும் ஆட்டம் நின்றது.

நிஜமான தலைவலி டிஸ்க்கின் கிண்ண உயரம், அதாவது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் பிரேக் பேட் உரசும் வளையத்துக்கும் உள்ள தூரம். பழையதைவிட 4 மி.மீ. குறைவு. அதனால் டிஸ்க் வெளிப்பக்கம் தள்ளி நின்று, பிராக்கெட்டின் ஓரத்தில் உரசியது. நக்கிளுக்கும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) பிராக்கெட்டுக்கும் நடுவே 4 மி.மீ. எஃகு ஸ்பேசர் வைத்து, அதே தரத்தில் நீளமான போல்ட்டுகளைப் போட்டேன். வாஷரை அடுக்கிச் சமாளிக்கலாம் என்பார்கள். பிரேக்கில் அந்த விளையாட்டே வேண்டாம்.

அப்புறம் ஹப் முகத்தின் துருவைத் தேய்த்து எடுத்து, டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, டிஸ்க்கின் நெளிவை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன். முள் 0.04 மி.மீ.க்கு மேல் அசையவில்லை. பழைய 14 அங்குல வீல் காலிப்பரில் இடித்தது, 15க்கு மாறியாயிற்று.