கேரவனோடு பாரிஸ் பெரிஃபெரிக்கைக் கடப்பது

முதலில் ஒரு கேள்வி: காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு, பாரிஸைச் சுற்றும் பெரிஃபெரிக் சாலையில் நகரத்தை ஒட்டிப் போகத்தான் வேண்டுமா? வெளியே ஃபிரான்சிலியன் என்ற என்104 சுற்றுச்சாலை இருக்கிறது; தூரம் கூடினாலும் பதற்றம் குறைவு. இரண்டுக்கும் இடையே உள்ள ஏ86 சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கச் சுரங்கத்தை மறந்துவிடுங்கள், அங்கே உயர வரம்பு 2 மீட்டர்.

பெரிஃபெரிக்தான் என்றால், வடக்கே ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து வந்து தெற்கே ஏ6-க்குப் போக, போர்ட் த லா ஷாப்பெலில் உள்வட்டத்தைப் பிடியுங்கள் ('போர்ட்' என்பது பெரிஃபெரிக்கில் நுழையும், வெளியேறும் இடம்). அது கடிகாரச் சுற்றில், கிழக்கு வழியாகப் போகும். பலகையில் 'லியோன்' என்பதைப் பின்தொடருங்கள். ஜிபிஎஸ் சுரங்கங்களில் தடுமாறும். போர்ட் பெயர்களை வரிசையாக எழுதிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

இங்கே பலரைத் திணறடிப்பது முன்னுரிமை விதி. வலப்பக்கச் சரிவுப் பாதையில் உள்ளே வருபவருக்கே முதல் உரிமை. அவர் நிற்கமாட்டார், நீங்கள்தான் இடம் விட வேண்டும். அதனால் கடைசி வலது தடத்தில் ஊர்ந்தால் ஒவ்வொரு நுழைவிலும் பிரேக்தான். வலமிருந்து இரண்டாவது தடம் நிம்மதி. அதற்கும் இடப்பக்கம் போகாதீர்கள்: ஒரே திசையில் மூன்று அல்லது அதற்கு மேல் தடங்கள் உள்ள சாலையில், காரும் கேரவனும் சேர்ந்து 7 மீட்டரைத் தாண்டினால் வலப்பக்க இரு தடங்கள் மட்டுமே. உங்கள் போர்ட்டுக்கு முந்தைய போர்ட்டைக் கடந்ததும் வலது தடத்துக்கு மாறுங்கள். தவறவிட்டால் அடுத்த வெளியேற்றம். கடைசி நொடியில் திருப்பினால் கேரவனின் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிப் பக்கத்து வண்டியில் உரசும்.

வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ. வார நாட்களில் காலை 7 முதல் 10:30, மாலை 4 முதல் 8 வரை தவிர்க்கவும். இழுவைக் கண்ணாடிகளை, கேரவனின் பின்மூலை தெரியும்படி, கிளம்பும் முன்பே சரிசெய்யுங்கள்.