கத்திரி வெயிலில் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் ஊர் வேலூர். மே 4 வாக்கில் கத்திரி பிறப்பதற்கு முன்பே இங்கே பல வருடம் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். "வெளியே போகாதீங்க" என்று சொல்லிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அம்மா வெளியே போகவில்லை. மாடியறையில், கட்டில் ஓரத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கேட்டால், "தாகமே எடுக்கலடா" என்றார். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கட்டிலை மாற்றுங்கள்

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் உள்ளே இறக்கும். கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையாகப் பார்த்துப் படுக்கையைப் போடுங்கள். வெளிக்காற்று சூடாகத் தொடங்கியதும் ஜன்னலையும் திரையையும் மூடிவிட்டு, வெளியே தணிந்த பிறகு திறந்துவிடலாம். மாடி வீடுதான் என்றால் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். வெட்டிவேர்த் தட்டியோ ஈரத்துணியோ எங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு நன்றாக எடுபடும். சென்னை மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவாக உதவாது, கசகசப்புதான் மிஞ்சும்.

படி 2: "தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள்

வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். டம்ளரைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் மார்க்கரால் நான்கு கோடு போட்டுப் பக்கத்தில் வைத்தால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

இன்னொரு காரணத்தைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிடுவோமோ என்ற பயம். அதற்காகவே குடிக்காமல் இருப்பார்கள். காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் பெரும்பங்கைக் குடிக்க வைத்துவிட்டு, கழிவறை போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியவிடுங்கள். எங்கள் வீட்டில் பத்து அறிவுரை செய்யாததை அந்த விளக்கு செய்தது.

நீர்மோர், நீராகாரம், கஞ்சி எல்லாம் நல்லதுதான். ரத்த அழுத்தம் இருந்தால் மோரில் உப்பைக் குறையுங்கள். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் தூவுவது தப்பு. இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரும் அவரைக் கேட்டுத்தான், அதில் பொட்டாசியம் அதிகம்.

படி 3: மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சில மனநல மாத்திரைகள் எல்லாம் வெயில் காலத்தில் உடம்பைச் சீக்கிரம் தளர்த்திவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடை தொடங்கும்போதே சீட்டோடு டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

படி 4: துண்டை நனைத்து, அப்புறம் ஃபேன்

அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் வெறும் ஃபேன் காற்று உடம்பைச் சூடாக்கவே செய்யும். அதனால் 150 ரூபாய்க்கோ 200 ரூபாய்க்கோ கிடைக்கும் சுவர் வெப்பமானி ஒன்றை மாட்டிவிடுங்கள். கழுத்து, கை, கால்களை ஈரத்துண்டால் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால், அந்த ஈரம் ஆவியாகும்போது சூடும் போகும்.

படி 5: எப்போது 108?

பேச்சு குழறுவது, இடம் ஆள் தெரியாமல் உளறுவது, நடை தள்ளாடுவது, மயக்கம், இவற்றோடு உடம்பும் கொதித்தால் யோசிக்க நேரமில்லை. வியர்க்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். துணியில் சுற்றிய ஐஸை அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

தனியாக இருக்கும் பெரியவர்கள் என்றால், பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்துவிட்டு, பகலில் இரண்டு முறையாவது போன் செய்யுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றால் "இருக்கேன்" என்றுதான் வரும். நான் இப்போது, "அம்மா, பாட்டில்ல தண்ணி எந்தக் கோட்டுல நிக்குது?" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.